கவிழ்த்த தட்டு

கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே நண்டு கெட்டுப்போயிருக்கிறது என்று. பன்னீர், மல்லிகைப் பூ, புதுப் பட்டு, ஏசி மெஷினின் ஈர வாடை, இத்தனையையும் தாண்டி அந்த நாற்றம் வந்து என் மூக்கைப் பிடித்தது. செத்த நண்டை ஐஸ் இல்லாமல் கூடையில் போட்டு வைத்தால் மூத்திர வாடை வரும். மசாலாவை எவ்வளவு அள்ளிக் கொட்டினாலும் அது போகாது.

பந்தியில் ஊரே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓட்டைக் கடித்து, உள்ளே இருந்த கறுத்த சதையை நாக்கால் வழித்து, சமையல்காரரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். குழம்பு அவர் வெள்ளைச் சட்டைக் கையில் வழிந்து முழங்கை வரை போயிருந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு நண்டு கேட்டார். என் பக்கத்தில் என் தங்கை மெல்பா விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, துப்பு. அழுகின நண்டு."

"நல்லாத்தான் இருக்குக்கா."

"நல்லா இருக்கா? மூக்க எங்க அடகு வச்ச?"

அவள் சிரித்தாள். அழகான சிரிப்புதான். "பரவால்லக்கா" என்று சொல்லி என் இலையிலிருந்த நண்டையும் எடுத்துக்கொண்டாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய் மண்டபத்துக் கழிப்பறையில் நிற்கலாம் என்று பார்த்தால் அது நண்டை விட மோசம். எல்லோரும் தண்ணீர் ஊற்றுவதையே விட்டுவிட்டிருந்தார்கள். பட்டுச் சேலையோடு உள்ளே போன ஒருத்தி செருப்பில் ஒட்டியதோடு அப்படியே வெளியே வந்து, என்னைப் பார்த்துப் புன்னகைத்து, பந்திக்குப் போனாள்.

வேறு யாராவது அந்த நண்டைத் தின்றிருந்தால் நான் திட்டிவிட்டு மறந்திருப்பேன். தின்றது மெல்பா. தூத்துக்குடியில் அவள் மூக்குக்கு மிஞ்சிய மூக்கு கிடையாது. என் மூக்கு உட்பட.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, பனி இளகவிட்டு, உடம்பை ஒடித்து, ஒடித்த இடத்தை மோந்து பார்க்க வேண்டும். எத்தனையோ மெஷின் வந்துவிட்டது, இதற்கு மட்டும் இன்னும் மனுஷ மூக்குதான். மோந்து பார்க்கும் எங்கள் நால்வருக்கென்று ஒரு எவர்சில்வர் மேசை உண்டு. எல்லோரும் அதை மூக்கு டேபிள் என்பார்கள். நான் அதற்குத் தலைவி. பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, வெங்காயம் தின்று வரக் கூடாது என்று ஆயிரம் சட்டம் வைத்திருக்கிறேன். ஆனால் முக்கியமான சட்டம் நான் வைத்ததில்லை. பழைய முதலாளி காலத்திலிருந்தே இருப்பது. மோந்தவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், தன் முன்னால் இருக்கும் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு தட்டு கவிழ்ந்தால் அந்த லாட் முழுக்கத் தள்ளுபடி. ஏன் கவிழ்த்தாய் என்று முதலாளிகூடக் கேட்கக் கூடாது. கேள்வி கேட்கப்பட்ட மூக்கு அடுத்த தடவை தயங்கும், தயங்கிய மூக்கு உதவாது என்பது அவர் கணக்கு.

கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்க்காமல் விட்டால் மட்டும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். என் வாய் அப்படி. வீட்டிலும் அப்படித்தான். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். மெல்பாவை வளர்த்தது நான். பால் பொங்க விட்டால், சீருடையில் மை கொட்டினால், ஊசிப்போன சட்னியைத் தெரியாமல் தொட்டால், என் வாயிலிருந்து முதலில் வருவது அந்த அடகுக் கேள்விதான். அதட்டி வளர்த்ததால்தான் அந்த மூக்கு அவ்வளவு கூர்மையானது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மெல்பாவுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. எட்டாம் மாதம். அசைவு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது, தூங்குகிறது என்று நினைத்திருக்கிறாள். அவள் கணவன் ரெக்ஸ் சரக்குக் கப்பலில் இருந்தான், வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அதன்பிறகு அவள் பேசுவதை நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். என்னட்டி என்றால் ஒன்றுமில்லை என்பாள். ஒருநாள் மத்தியானம் அலைதடுப்புப் பாறையில் தனியாக நடந்து கடைசிக் கல் வரை போய்விட்டாள். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பிடித்து இழுத்து வந்தார்கள். உள்ளே ஒரு சத்தம் ஓயாமல் திட்டுகிறது, அதை நிறுத்தத்தான் போனேன் என்றாள்.

அப்போது புதிதாக வந்திருந்ததுதான் தேற்றான் என்ற கருவி. கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் கொட்டையின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், அளவும் அதே அளவுதான். காதுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் நினைப்பு மூளையில் கிளம்பும்போது அதைக் கண்டுபிடித்து அமுக்கும். நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் இளவழகி என்று ஒரு அம்மா, நல்ல சுத்தமாக, அழுத்தி வாரிய தலையோடு இருந்தார். அந்தக் குரல் என்னென்ன சொல்கிறதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னால்தான் மெஷினுக்குப் பிடிபடும் என்று சொல்லி, என்னை வெளியே உட்காரவைத்துவிட்டார். உள்ளே போன மெல்பா அழுத கண்ணோடு வெளியே வந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் பசிக்கிறது என்றாள். நான் ஆட்டோவில் வைத்தே அழுதேன், பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன்.

அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அதனால்தான் ஆரம்பத்தில் எதையும் கவனிக்கவில்லை. அவள் குளிப்பது குறைந்தது. என் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள், அங்கே சிங்கில் பாத்திரம் புழுத்தது. ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் பச்சை மயிர் முளைத்துக் கிடந்தது. கேட்டால் பரவால்லக்கா. சாவதற்கு அது மேல் என்று வாயை மூடிக்கொண்டு நானே எல்லாவற்றையும் கழுவினேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் மேசையில் ஒரு லாட் வந்தது. நான் மோந்த மாத்திரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒடித்த இடம் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. தட்டைக் கவிழ்த்தேன். மெல்பா மோந்தாள். நிதானமாக, முறையாக, கண்ணை மூடி மோந்தாள். தட்டு நிமிர்ந்தபடியே இருந்தது. மற்ற இருவரும் கவிழ்க்கவில்லை. அவர்கள் காதுக்குப் பின்னாலும் அந்தக் கொட்டை இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கம்பெனி செலவிலேயே ஒட்டிவிட்டிருந்தார்கள்.

முதலாளி டெல்மோ வந்தார். பழைய முதலாளியின் மகன், அவர் காதிலும் அது இருந்தது. நான்கு பேரில் மூன்று பேருக்குச் சரியென்றால் சரிதானே, இனிமேல் மெஜாரிட்டி பார்ப்போம் என்றார். அப்பா வைத்த சட்டமாயிற்றே என்றேன். அப்பா பாவம், எப்போதும் பயந்துகொண்டே வாழ்ந்தார் என்று இரக்கப்பட்டார். லாட் கப்பல் ஏறியது. திரும்பி வரும், முகத்தில் எறிவார்கள், அப்போது தெரியும் என்று நான் காத்திருந்தேன். திரும்பி வரவில்லை. சரக்கு அருமை, இதே தரத்தில் இன்னும் வேண்டும் என்று அங்கிருந்து செய்தி வந்திருப்பதாக டெல்மோ சொன்னார். அங்கேயும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் ஊரைப் பார்த்த பார்வையே மாறியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் புண்ணில் ஈ மொய்க்கும், அவர் பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஹோட்டலில் சர்வர் மூக்கைச் சிந்திய கையால் இட்லி வைப்பான், சாப்பிடுகிறவர் நன்றி சொல்வார். ஒருவன் தன் அப்பாவை முதியோர் இல்லத்து வாசலில் இறக்கிவிட்ட கதையைத் தேநீர்க் கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். மாதா கோவிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் தனியாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். யாரும் வருவதில்லையா சாமி என்றேன். வருகிறார்கள், முழங்கால் போடுகிறார்கள், சொல்வதற்குத்தான் எதுவும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது என்றார். பூசையில் என் பாவமே என்று எல்லோரும் மார்பில் தட்டிக்கொள்ளும் இடம் வரும்போது, கொசு அடிப்பதற்குக்கூட அதைவிடப் பலமாகத் தட்டுவார்கள்.

சீ என்று இருந்தது எனக்கு. ஊரே தன்னை மன்னித்துக்கொண்டு நாறியது.

டாக்டர் இளவழகியிடம் போய் நின்றேன். அவர் கோட்டில் மஞ்சள் கறை. நகக்கண்ணில் அழுக்கு. மேசை மேல் டீயில் ஒரு ஈ மிதந்தது. மெல்பாவின் மூக்கு போய்விட்டது என்றேன். மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

"வாசன அவங்களுக்கு நல்லாவே தெரியும்மா. அழுகல் வாசனை, நல்ல வாசனை, ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுவாங்க. அது அவங்கள ஒண்ணும் செய்யாது, அவ்வளவுதான். மூளைக்குள்ள, காதுக்குப் பக்கத்துல ஒரு மடிப்பு இருக்கு. ஊசிப்போன சோத்த மோந்தா அது துள்ளும். உள்ளுக்குள்ள ஒருத்தி தன்னையே காறித் துப்பிக்கிறாளே, அப்பவும் அதே மடிப்புதான் துள்ளுது. சோத்துக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணுன்னு ஒடம்பு ரெண்டு வைக்கல. நாங்க அத அமுக்குறோம். ரெண்டும் சேந்து அமுங்குது."

"இது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆரம்பத்திலேயே தெரியும்."

"தெரிஞ்சுமா வித்தீங்க? ஊரே நாறிக் கெடக்குதே டாக்டர், ஒங்களுக்கு உறுத்தலையா?"

அவர் முகத்தைத் திருப்பி முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் கொட்டை இருந்தது.

"ரொம்ப உறுத்துச்சு" என்றார். "அதனாலதான் நானும் போட்டுக்கிட்டேன்."

ஈயை விரலால் ஓரம் ஒதுக்கிவிட்டு டீயைக் குடித்தார். நான் வாசல் படி இறங்குவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். என்னைத் தவிர அங்கே யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

மெல்பாவுக்கு அதை எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அலைதடுப்புக் கல் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன். நாறினாலும் உயிரோடு இருக்கிறாள் அல்லவா.

ரெக்ஸ் லீவில் வந்து போன பிறகு மெல்பா மறுபடி உண்டானாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். இரண்டாம் மாதம் போய் மூன்றாம் மாதம் வந்தது. மசக்கை இல்லை. முதல் தடவை கருவாட்டு வாடை மாடி ஏறினாலே ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். இந்தத் தடவை எது கிடைத்தாலும் தின்றாள். பூசணம் பூத்த ரொட்டியைத் தட்டிவிட்டுத் தின்றாள். கேன்டீனில் மிச்சம் வைத்த முட்டையைத் தின்றாள். நான் அவளுக்கு மூக்காகவே ஆகிப்போனேன். அவள் வாய்க்குப் போகிற ஒவ்வொன்றையும் பிடுங்கி மோந்துவிட்டுக் கொடுத்தேன். ஆனால் ஒருத்தி எத்தனை நேரம் இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போன நேரத்தில், தெருமுனையில் யாரோ பொட்டலத்தில் விட்டுப் போன கறியை எடுத்துத் தின்றிருக்கிறாள். பசித்ததாம்.

அன்று சாயங்காலமே காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பார்த்த லேடி டாக்டரின் காது வெறுமையாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கும்பிடத் தோன்றியது. அந்த அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். குடலில் ஏறிய கிருமி குழந்தை வரைக்கும் போகும், இந்தத் தடவை தப்பித்தது அதிர்ஷ்டம், இன்னொரு தடவை இப்படி நடந்தால் குழந்தை நிற்காது என்றார். மசக்கை என்பது வயிற்றுப் பிள்ளைக்குக் காவல், அந்தக் காவலை இவர்கள் காதில் ஒட்டி அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றார்.

கட்டிலில் படுத்து ஊசி வழியே மருந்து ஏறிக்கொண்டிருக்க, மெல்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க்கா அழுத? இதுவும் போனா போவுது. ரெக்ஸ் வந்ததும் வேற பெத்துக்கிடலாம்லா."

இதைச் சொல்லும்போது அவள் கை வயிற்றின் மேல்தான் இருந்தது. நான் எத்தனையோ அழுகலை மோந்திருக்கிறேன். இதைப்போல ஒன்றை மோந்ததில்லை. என் கையால் சோறூட்டி வளர்த்தவளைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. கட்டிலை விட்டுத் தள்ளிப் போய் ஜன்னலோரம் நின்றேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னது தப்புலா?" என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"தப்புன்னு தெரியுதுக்கா. ஒம் மூஞ்சியப் பாத்தா தெரியுது. ஆனா அது எங்கயும் குத்த மாட்டேங்கு. மரத்துப்போன பல்லக் கடிச்ச மாதிரி இருக்கு." வயிற்றைப் பார்த்தாள். "இதுக்கும் குத்தணும்லா? இதுக்காகவாவது குத்தணும்."

"எடுத்துரலாமா?"

"எடுத்தா அந்தச் சத்தம் வரும்."

"வரும்."

"அன்னைக்கு மாதிரி கல்லுக்குப் போயிட்டேன்னா?"

போகவிட மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கறிப் பொட்டலத்தையே நான் தடுக்கவில்லை. கூட இருப்பேன் என்று மட்டும் சொன்னேன். அவள் யோசித்தாள். கணக்குப் போடுகிறவள் மாதிரி, பயமில்லாமல், அலுங்காமல் யோசித்தாள். பிறகு சரி என்றாள்.

டாக்டர் இளவழகி மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எதிலும் மறுப்பு இல்லை. ஒரேயடியாகப் பிய்த்து எறிந்தால் இத்தனை நாள் அடைத்து வைத்தது எல்லாம் சேர்ந்து பாயும், அதனால் வாரம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும், மெஷின் செய்த வேலையை அவளே செய்யப் பழக வேண்டும் என்றார். பழகும் விதத்தை விளக்கினார். கறையோடு இருந்தாலும், அந்த அம்மாவுக்குத் தொழில் தெரியும்.

"அந்தக் குரல் வந்ததும் உள்ளயே வச்சுக்கக் கூடாது. என்ன சொல்லுதோ அத அப்படியே சத்தமாச் சொல்லணும். உள்ள இருக்கறப்பதான் அதுக்கு பலம். கூட ஒருத்தர் உக்காந்து கேக்கணும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க மறுத்துப் பேசாதீங்க. 'அப்படியெல்லாம் இல்ல, நீ நல்லவ'ன்னு சமாதானமும் சொல்லாதீங்க. சண்டை போட்டா அது வளரும். 'கேட்டுட்டேன்'னு மட்டும் சொல்லுங்க. சொல்லிச் சொல்லி, கேட்டுக் கேட்டு, ஒருநாள் அது வெறும் சத்தமாப் போயிரும். சிலருக்கு அது அப்பா குரலா இருக்கும், சிலருக்கு வாத்தியார் குரல். யாருதுன்னு தெரிஞ்சா இன்னும் சீக்கிரம் அடங்கும்."

கருவியைக் குறைத்தார். நாங்கள் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மெல்பா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவள் மூக்கு லேசாகச் சுருங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சுருக்கத்தைப் பார்க்கிறேன். அடுத்ததாக அவள் உதடு அசைய ஆரம்பித்தது, முன்பு அசைந்ததைப் போலவே.

"சத்தமா" என்றார் டாக்டர்.

மெல்பா கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"ஏட்டி" என்றாள். அவளுடைய மெல்லிய குரல் இல்லை அது. மூக்கிலிருந்து கிளம்புகிற, சொல்லின் கடைசியை இழுத்து அறைகிற குரல். "ஏட்டி, ரெண்டு நாளு. ரெண்டு நாளு ஒன் வயித்துக்குள்ள செத்துக் கெடந்திருக்கு. ஊர்ல உள்ள இறாலெல்லாம் மோந்து பாக்கத் தெரியுது. சொந்தப் பிள்ள கெட்டுப்போனது தெரியலியோ? தட்டக் கவுக்காம உக்காந்திருந்தியே. மூக்க எங்க அடகு வச்ச?"

அது என் குரல்.

நான் அப்படிச் சொன்னதே இல்லை. சத்தியமாக, அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை நான் அவளைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொன்னதெல்லாம் அவளுக்குள் தயாராக இருந்திருக்கிறது. அலைதடுப்புக் கல் வரைக்கும் அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனது நான்தான்.

"நீங்க சொல்லணும்" என்று டாக்டர் எனக்கு நினைவுபடுத்தினார்.

இல்லட்டி, நான் அப்படி நினைக்கவே இல்லட்டி என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"கேட்டுட்டேன்" என்றேன்.

மெல்பா கண்ணைத் திறந்தாள். அழுதுகொண்டிருந்தாள், முகம் முழுக்க அழுதது.

"யார் குரல்னு தெரியுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

மெல்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"தெரியல டாக்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் சொல்லப்போவதில்லை. மாடியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். வேலைக்கு லீவு போட்டேன். எனக்குப் பதில் யாரையும் போடத் தேவையில்லை என்று டெல்மோ அன்பாகச் சொன்னார், தட்டைக் கவிழ்க்க ஆள் இல்லாமல் வேலை வேகமாக நடக்கிறதாம். பகலிலும் இரவிலும் மெல்பா என் குரலில் திட்டினாள், நான் கேட்டுட்டேன் என்றேன். பால் திரிந்த நாள், மழையில் கொடித்துணி நனைந்த நாள், பெயர் வைக்காமல் புதைத்த பிள்ளையின் நாள், ஒவ்வொன்றுக்கும் என் குரலில் ஒரு வசவு இருந்திருக்கிறது. எல்லாம் என் பொருள். எல்லாவற்றையும் எனக்கே திருப்பிக் கொடுத்தாள். கேட்டு முடித்துவிட்டுக் கீழே போய்ச் சமையலறையில் நின்றுகொள்வேன். ஊரை நினைத்துச் சீ என்று சொன்ன வாய்க்கு இப்போது தன்னைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் கண்ணாடியில் என் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, கொட்டை ஒட்டினால் எங்கே ஒட்டுவார்கள் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு விரலை எடுத்துவிட்டேன். யாராவது ஒருத்திக்கு மூக்கு வேண்டும்.

கருவியை முழுக்க எடுத்து நாலு நாள் ஆகியிருக்கும். காலையில் கரைக்குப் போய், வலையிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஊளி மீன் வாங்கி வந்தேன். செவுள் ரத்தச் சிவப்பு, கண் கண்ணாடி. இரண்டு தடவை மோந்து பார்த்தே வாங்கினேன், கடல் வாடை தவிர வேறொன்றும் இல்லை. தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, சோறு போட்டு, மாடிக்கு எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன்.

மெல்பா குனிந்தாள். முறையாக, கண்ணை மூடி மோந்தாள். முகம் கோணியது. அடுத்த நொடி தட்டை அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

குழம்பு மேசையில் ஓடி அவள் புடவையில் வழிந்து, தரையில் நான் நேற்றுத் துடைத்த இடத்தில் பரவியது. முதல் தரமான மீன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாக்கின் நுனி வரைக்கும் அந்த அடகுக் கேள்வி வந்துவிட்டது, முழு வாக்கியமாக, இழுக்க வேண்டிய இடம் உட்பட. மெல்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் இரண்டும் காதை நோக்கி உயர்ந்திருந்தன. சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் பாலைக் கொட்டிவிட்டு இப்படித்தான் நிற்பாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தோளை நான் கவனித்ததே இல்லை.

வாயை மூடிக்கொண்டு துணியை எடுத்து வந்து குனிந்து துடைத்தேன்.

"ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்றாள்.

"தட்டக் கவுத்தவகிட்ட ஏன்னு கேக்குற பழக்கம் நம்ம டேபிள்ல கெடையாதுலா."

அவள் தோள் மெதுவாக இறங்கியது. அப்புறம், முதல் பிள்ளையின் மசக்கையில் ஓடினதைப் போலவே, வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். பித்தமும் காலையில் குடித்த பாலுமாக என் கையில் வழிந்தது. புளித்த, சூடான நாற்றம். எனக்கும் குமட்டியது, சகிக்கவே முடியவில்லை. அவள் எடுத்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.